கோடு தெரியாத மூடி

“முன்சீட்டுல உட்கார்றவங்க ரோட்டைப் பார்க்கிறதில்லடா, அவங்க பார்க்கிறது…” என்று பெரியப்பா ஒன்று சொல்வார். அதன் பின்பாதி தணிகைவேலுக்கு மறந்துபோயிருந்தது. அரக்கோணம் ஸ்டேஷன் வாசலில் வாடகைக்கு அம்பாசடர் ஓட்டியவர் அவர். வாயில் பீடி இருக்கும்போது பேசமாட்டார், அணைத்துவிட்டுத்தான் பேசுவார், ஆகையால் அவர் சொல்லும் எதற்கும் முன்னால் ஒரு சின்ன இடைவெளி விழும். அந்த இடைவெளி ஞாபகம் இருக்கிறது. பீடியைத் தேய்த்த டயர் செருப்பு ஞாபகம் இருக்கிறது. சொன்னதன் வால் மட்டும் இல்லை. எதைப் பார்க்கிறார்கள்? டிரைவர் முகத்தையா, ஸ்டியரிங்கையா, ஊர் எப்போது வரும் என்றா? மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரகடத்தில் இந்தச் சோதனைக்கூடத்துக் கண்ணாடிச் சுவருக்கு இப்பால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பல்லிடுக்கில் மாட்டிய கீரை மாதிரி, நாக்கு வேறெங்கும் போக மறுக்கிறது. கண்ணாடிக்கு அப்பால் குளிர்ப்பெட்டி உறுமிக்கொண்டிருக்கிறது, பீரோ அளவு பெட்டி, அதற்குள் ஒரு புது டேஷ்போர்டு குளிர்ந்துகொண்டிருக்கிறது. மைனஸ் முப்பதுக்கு இறங்கியதும் வெளியே எடுப்பார்கள், சூடேறுவதற்குள் உள்ளே இருக்கும் ஏர்பேக்கை வெடிக்கச் செய்வார்கள், அது மூடியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். மூடி கிழிய வேண்டிய கோட்டில் கிழிய வேண்டும், ஒரு சில்லுகூடப் பறக்கக் கூடாது. அந்த மூடிதான் தணிகைவேலின் பிழைப்பு. இருபது வருஷத்துக்கு மேலாக அவன் வேறெதையும் யோசித்ததில்லை என்றுகூடச் சொல்லலாம், கல்யாணத்தன்றைக்கு மணவறையில் எதிரே இருந்த மரப்பலகையின் விரிசலைப் பார்த்து இது எந்தப் பக்கமாகப் பிளக்கும் என்று யோசித்திருக்கிறான். காலடியில் அவன் தோள்பை. பைக்குள் ஒரு கைக்குட்டை, கைக்குட்டைக்குள் அக்காவின் பித்தளைப் பிள்ளையார். பையைக் கால் படாத தூரத்துக்கு நகர்த்தினான். இத்தனைக்குப் பிறகும் கால் படக் கூடாது என்று தோன்றியதே என்று நினைத்துக்கொண்டான்.

சோதனைக்கூடத்துப் பொறுப்பாளர் நஸ்ரின் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தாள், இரண்டு கையிலும் டீ. “சார், இன்னும் கொஞ்சம் இறங்கணும். அதுக்குள்ள குடிச்சிடுங்க. உங்க மூஞ்சியைப் பார்த்தா பெட்டிக்குள்ள நீங்க இருக்கிற மாதிரி இருக்கு.” அவன் சிரித்து வைத்தான். “கிருபாகரன் சார் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாரு. குளிர் டெஸ்ட்டுக்கு இந்த ஒரு மூடிதான் மிச்சம், அடுத்தது வார்த்து வர ஒரு மாசம் ஆகும், பார்த்துப் பண்ணுங்கன்னாரு. என்னமோ நான் வாயால ஊதி வெடிக்கிற மாதிரி.” அவள் போய்விட்டாள். கிருபாகரன் இந்த வண்டித் திட்டத்துக்குத் தலைவர், நல்ல மனுஷன், பெண் கல்யாணத்துக்குச் சேர்த்துக்கொண்டிருப்பவர், காலையிலேயே சொல்லிவிட்டார், “தணிகை, இன்னிக்கு ஷாட் க்ளீனாப் போச்சுன்னா டிசைனை முடிச்சுடறோம். நாளைக்கே அச்சுக்கு ஆர்டர்.” மொத்தமாக மூடி வார்க்கிற அச்சுக்கு ஆர்டர் போய்விட்டால் பிறகு கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது. கடவுளே வந்தாலும். டீயில் ஏலக்காய் அதிகம். ஜெர்மனியில் இருந்த வருஷங்களில் இந்த டீக்காக ஏங்கியிருக்கிறான், வந்த பிறகு எல்லா டீயிலும் சர்க்கரை அதிகம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறான், மனைவி சொல்வதுபோல இரண்டு இடத்திலும் வாடகைக்கு இருக்கிற ஆள். நஸ்ரின் உட்காரும் மேஜையில் வெடிப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் சந்தனம் வைத்திருக்கிறார்கள், குளிர்ப்பெட்டிக் கதவில் ஆயுத பூஜைக் குங்குமம் இன்னும் போகவில்லை, காமெராத் தாங்கியின் காலில் காய்ந்த பூச்சரம். இந்த அறையில் சாமி இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான், அது டேஷ்போர்டின் மேற்பரப்பு. ஏனென்றால் சோதனை விதியில் அப்படி இருக்கிறது, வேறொரு தேசத்தில் எழுதின விதி, மேற்பரப்பை ஸ்பிரிட் விட்டுத் துடைக்க வேண்டும், அதன்மேல் அந்நியப் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. அந்நியப் பொருள். இங்கே வெளியே ரோட்டில் போகிற நூறு வண்டியை நிறுத்திப் பார்த்தால் எத்தனையில் அந்த இடம் காலியாக இருக்கும், முருகன், வேளாங்கண்ணி மாதா, பள்ளிவாசல் படம், தலையாட்டும் பொம்மை, எலுமிச்சம்பழம். அவன் ஒரு தடவை கிருபாகரனிடம் எடுத்தான். “சாமிக்கெல்லாம் ஸ்டாண்டர்டு எழுத முடியாதுய்யா. அதான் கையேட்டுல போட்டிருக்கோம்ல, எதுவும் வைக்காதீங்கன்னு.” போட்டிருக்கிறோம். அந்த வரியை முதன்முதலில் எழுதினவனே தணிகைவேல்தான், போன கம்பெனியில், இங்கிலீஷில், வெயில் மறைக்கும் சன்வைசரின் பின்பக்கத்தில் ஒட்டும் எச்சரிக்கைக்காக. நம் ஊரில் புது வண்டியின் சன்வைசரில் சுற்றியிருக்கும் பாலித்தீனை யாரும் பிரிப்பதில்லை. சீட்டுக்கும் பிரிப்பதில்லை. மூன்று வருஷம் ஓடின வண்டியில்கூட உட்கார்ந்தால் மொறமொறவென்கிறது. அவன் எழுதின வரி அந்தப் பாலித்தீனுக்குள் மங்கலாகப் படுத்துக்கிடக்கிறது, கருவில் இருக்கிற பிள்ளை மாதிரி, பிறக்காமலே.

கோடு தெரியக் கூடாது என்று சொன்னதும் அவன்தான். அதை நினைக்கும்போதெல்லாம் உள்ளங்கை அரிக்கிறது, ஏனென்றால் அந்தப் பெருமை அவனுக்கு உள்ளங்கையில்தான் இருந்தது. அதற்கு முன்னாலெல்லாம் டேஷ்போர்டில் மூடி தனியாகத் தெரியும், சுற்றிலும் ஒரு பள்ளம், அதில் தூசி, பார்த்தாலே இது ஒரு கதவு என்று தெரியும். அவன் பின்பக்கத்திலிருந்து லேசரால் கீறினான், மேலே ஒரு தோல் மட்டும் விட்டு, வெயிலில் இளகாமல், குழந்தை விரலால் அழுத்தினால் அமுங்காமல், ஆனால் உள்ளிருந்து அடித்தால் இரண்டு இதழாகப் பிரிகிற மாதிரி, ஒன்று கண்ணாடிப் பக்கம், ஒன்று உட்கார்ந்திருப்பவர் பக்கம். ஜெர்மனியில் கூட வேலை பார்த்த வெர்னர் என்று ஒரு கிழவர், ஓய்வு பெறப் போகிறவர், கண்ணை மூடிக்கொண்டு டேஷ்போர்டைத் தடவிப் பார்த்தார், எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கைதட்டினார்கள். வெர்னர் மட்டும் கைதட்டிவிட்டு, லேசாக ஒரு கோடு தெரியட்டுமே, வாசல் எங்கே இருக்கிறதென்று வீட்டில் இருக்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டார். தணிகைவேல் பதில் சொன்னான். என்ன சொன்னான் என்பது அப்படியே ஞாபகம் இருக்கிறது, பெரியப்பா சொன்னது மறந்துபோகிறது, தான் சொன்னது மறக்கவில்லை, இதுதான் மனுஷ மூளையின் லட்சணம். பயத்தை யாருக்கும் ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டியதில்லை என்றான். ஒரு தமிழ்மீடியத்துப் பையன் ஜெர்மனியில் நின்று இங்கிலீஷில் சொன்ன வாக்கியம், எல்லோரும் தலையாட்டினார்கள், அன்றைக்கு ராத்திரி அக்காவுக்குப் போன் செய்து தமிழில் மறுபடி சொல்லிக் காட்டினான். “நல்லாத்தான்டா இருக்கு,” என்றாள் அக்கா. “அப்ப உள்ள என்ன இருக்குன்னே தெரியாதா?” தெரியாது என்றான், சந்தோஷமாக.

போன் அதிர்ந்தது. பூங்கோதை அக்காதான். எடுக்காமல் இருக்கலாமா என்று ஒரு கணம், எடுக்காவிட்டால் விடாமல் அடிப்பாள் என்று மறுகணம். “டேய், சாப்டியா?” “ஆச்சுக்கா.” “வெள்ளிக்கிழம ஒம்பதரைக்கு மேல நல்ல நேரமாம். வண்டி எடுக்க நேரா ஷோரூமுக்கு வந்துடு. பிள்ளையார மறந்துடாத. பாலீஷ் போடக் குடுத்திருக்கேன்னு சொல்லியே வருஷத்த ஓட்டிட்ட. அவன் என்ன, புதுசா வார்த்துத் தர்றானா?” “எங்கிட்டதான் இருக்குக்கா.” “நீதான் ஒட்டணும், சொல்லிட்டேன். உன் கைராசி. ஷோரூம்ல ஒரு புள்ள, சின்னப் பொண்ணு, கேக்குது, ஏம்மா மறுபடி அதே மாடலா, பயமா இல்லையான்னு. இதச் செஞ்சவனே எந்தம்பிதான், தாயி, அவ்ளோ பெரிய லாரில போயி சொருகியும் தலையணை மாதிரி வந்து தாங்கிச்சுன்னேன். வாயடைச்சுப் போச்சு.” பின்னால் மாமாவின் குரல், “பில்லுல தள்ளுபடி கேளுடி மொதல்ல.” அக்கா சிரித்தாள். தணிகைவேல் திடீரென்று கேட்டான், “அக்கா, பெரியப்பா சொல்வாரே, முன்சீட்டுல உட்கார்றவங்க ரோட்டைப் பார்க்கிறதில்ல, அவங்க பார்க்கிறதுன்னு… என்னது அது?” “அது… நம்ம கையத்தான்னு இல்ல? இரு, மூஞ்சியத்தான்னா? எனக்கெங்கடா தெரியும், என்னை எப்பவும் பின்சீட்டுலதானே போடுவாரு, மூட்டையோட மூட்டையா. ஆம்பளப் புள்ளன்னு முன்னாடி உன்னத்தான் உக்கார வெப்பாரு. எனக்குக் கேட்டதெல்லாம் இஞ்சின் சத்தந்தான். சரி, வெள்ளிக்கிழம.” வைத்துவிட்டாள். எப்போதும் அவள்தான் முதலில் வைப்பாள்.

பின்சீட்டில் உட்காரு அக்கா என்று சொல்லிவிடலாமே என்று ஒரு வழியை அவன் இரண்டு நாளாகக் கையில் வைத்திருந்தான், இப்போது அவளே அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். லாரியில் மோதிப்போன அந்த வெள்ளைக் காரை முதல் தடவை எடுத்த அன்றைக்கு, அவன் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பிவந்த மூன்றாம் மாசம், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி முடித்ததும் மாமா பின்கதவைத் திறந்தார், அக்கா கதவை மூடிவிட்டு முன்னால் போய் ஏறிக்கொண்டாள். “ஐம்பது வயசுல எனக்கு ப்ரமோஷன்,” என்றாள். பிறகு முந்தானையிலிருந்து இந்தப் பிள்ளையாரை எடுத்து நீட்டினாள், கட்டைவிரல் உயரம், சதுரப் பீடம். “நீதானே செஞ்ச, நீயே ஒட்டு.” அவனுக்கு அந்தக் கோடு எங்கே ஓடுகிறதென்று தெரியும், அந்த ஷோரூமில் அவனுக்கு மட்டும்தான் தெரியும், கண்ணை மூடிக்கொண்டும் தெரியும், அதனால் கோட்டைத் தள்ளி, வண்டிக்கு நடுவில், மூடி முடிந்து நாலு விரல் கடந்து ஒட்டினான். ஒன்றும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும், சரியான இடத்தில்தானே ஒட்டினான், நல்ல நாளும் அதுவுமாக மோதினால் கீதினால் என்று எவன் வாயைத் திறப்பான். வெயிலில் ஒட்டுப்பட்டை காய்ந்து பிள்ளையார் விழுந்திருக்கிறார். விழும் என்று அவன் யோசித்திருக்க வேண்டும், வெயிலில் எது என்ன ஆகும் என்று யோசிப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். அடுத்த தடவை அவன் போனபோது பிள்ளையார் அக்காவுக்கு நேர் எதிரே, இரண்டு இதழும் சேரும் இடத்தில், இரும்பையே ஒட்டுகிற பசை போட்டு உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் வாயைத் திறந்தான், திறந்தது நிஜம், அதில் அவனுக்குச் சந்தேகமில்லை. “அங்க இருந்தா உங்க மாமாவத்தான் பார்க்கிறாரு, என்னைத் திரும்பியே பார்க்கல,” என்றாள் அக்கா. “இப்பதான் நேருக்கு நேர்.” எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் போய்விட்டது. பிறகு யாரோ பாயசம் கொண்டுவந்தார்கள், மாமா டயர் காற்றைப் பற்றிக் கேட்டார், சாயங்காலம் ஆகிவிட்டது, அடுத்த தடவை தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று பட்டது. சொல்லியிருந்தால் எத்தனை வார்த்தை ஆகியிருக்கும். அக்கா, அங்க வைக்காத. அவ்வளவுதான். இரண்டு மொழியில் படித்தவனுக்கு ஒரு மொழியில் மூன்று வார்த்தை வரவில்லை.

வாலாஜா தாண்டி முன்னால் போன லாரி பிரேக் அடித்தது. மாமாவுக்குக் காறை எலும்பில் விரிசல். அக்காவுக்கு இடது கண். தலையில் ஒன்றுமில்லை, கழுத்தில் ஒன்றுமில்லை, ஏர்பேக் அவளை வாங்கிக்கொண்டது, மூடி கிழிய வேண்டிய கோட்டில் துல்லியமாகக் கிழிந்திருந்தது, இரண்டு இதழும் மடங்க வேண்டிய மாதிரி மடங்கியிருந்தன, ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி கிடந்த ஷெட்டுக்குப் போய் அவன் முதலில் பார்த்தது அதைத்தான், கண்ணைப் பற்றிக் கேட்ட காதோடு போய் அதைத்தான் பார்த்தான், ஒரு சில்லுகூடப் பறக்கவில்லை என்று அந்த நேரத்திலும் ஒரு மூலையில் மனசு குறித்துக்கொண்டது. பின்சீட்டுக்கு அடியில் பிள்ளையார் கிடந்தார். பீடத்தின் ஒரு மூலையில் காய்ந்திருந்தது என்ன என்று அவன் பார்க்கவில்லை. துடைத்துவிட்டுத்தான் பார்த்தான். டாக்டர், ஏதோ கூரான பொருள் என்றார். கண்ணாடிச் சில்லு என்று மாமா சொன்னார், எல்லோரும் அதையே சொன்னார்கள். முன்கண்ணாடி அப்படிச் சிதறாது, நடுவே பசைத்தாள் வைத்து ஒட்டியது, வலை மாதிரி விரிசல் விட்டு அப்படியே நிற்கும், அவன் அந்த நடைபாதையில் நின்றுகொண்டு ஆமாம் என்று தலையாட்டினான். கட்டுப் பிரித்த அன்றைக்கு அக்கா கைக்கண்ணாடி கேட்டாள், பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள், பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு, “கண்ணு ஒண்ணு கேட்டாரு, குடுத்துட்டேன். உசுரக் குடுத்துட்டாருல்ல,” என்றாள். அதற்கப்புறம் வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள், சொல்லச் சொல்ல அதில் ஒரு உரம் ஏறியது, அழுதுகொண்டு வந்தவர்கள் அவள் பேச்சைக் கேட்டுத் தெளிந்து போனார்கள். அவளுக்கு இப்போது காபி ஆற்றும்போது டம்ளருக்கு வெளியே விழுகிறது. இடது பக்கமாக யாராவது வந்தால் திடுக்கிடுகிறாள். ஊசியில் நூல் கோக்க மாமாவைக் கூப்பிடுகிறாள். எல்லாவற்றையும் அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் வைத்திருக்கிறாள், அதை உருவினால் அவளிடம் என்ன மிஞ்சும், காத்த சாமி அடித்த சாமியாகிவிடும், பெருமைக்குரிய தம்பி பார்த்துக்கொண்டு சிரித்தவன் ஆகிவிடுவான். உருவாவிட்டால் வெள்ளிக்கிழமை அதே கார், அதே கோடு தெரியாத மூடி, அவன் எங்கே ஒட்டினாலும் அவள் நேருக்கு நேர் கொண்டுவந்து வைப்பாள், மிச்சமிருக்கிற கண்ணுக்கு எதிரே. தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். வேறு வாங்குவாள். இன்னும் பெரியதாக வாங்குவாள், இத்தனை பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றினவருக்கு. துணியில் செய்தது, மணி கோத்தது, கண்ணாடியில் தொங்குவது என்று ஏதாவது வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றலாம், அக்காவிடமா, பேச்சை மாற்றுவதா. இப்படி ஒவ்வொரு வழியாகப் போய் ஒவ்வொரு வழியாகத் திரும்பி வருகிறான், போகிற வழியெல்லாம் பாயசக் கிண்ணத்தில் போய் முடிகிறது.

முன்சீட்டில் அவன் உட்கார்ந்திருக்கிறான், எட்டு வயசோ ஒன்பதோ, கால் தரைக்கு எட்டவில்லை, சீட்டு ரெக்சின் தொடையைச் சுடுகிறது. பெரியப்பாவின் வண்டி டேஷ்போர்டு வெறும் தகரம், அதில் ஒன்றும் கிடையாது, சாமிப்படம்கூட அவர் பக்கத்துக் கதவில்தான். அவன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான்? ரோட்டை இல்லை, அது நிச்சயம், ரோடு தெரிகிற உயரம் அவனுக்கு இல்லை. கையையா, அக்கா சொன்ன மாதிரி? கியரில் இருந்த அந்தக் கை, மோதிரம் இறுகிப் புடைத்த விரல். பார்த்திருக்கலாம். அல்லது அக்கா சொன்னதால் இப்போது பார்க்கிறானோ என்னவோ. எட்டு வயசில் அவன் பயந்ததாக ஞாபகம் இல்லை. யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் பயம் எதற்கு. அக்காவும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள், முதல் தடவையாக முன்சீட்டில், ஐம்பது வயசில், மாமா ஓட்ட, எதிரே தம்பி செய்த வழவழப்பான கருப்புப் பரப்பு, அதில் பிள்ளையார், எல்லாப் பக்கத்திலும் யாராவது பார்த்துக்கொள்கிறார்கள் என்று. லாரி பிரேக் அடித்த கணத்தில் அவள் ரோட்டைப் பார்த்திருக்க மாட்டாள். டீ ஆறிப்போயிருந்தது, மேலே ஆடை படிந்து, உதட்டில் பட்டதும் ஒட்டிக்கொண்டது, அதைக்கூட அவனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை, எந்த இடத்தில் கிழிகிறது என்று.

பெட்டி மணி அடித்தது. நஸ்ரின் தடித்த கையுறையோடு கதவைத் திறந்தாள், வெள்ளைப் புகை தரையில் வழிந்தது, டேஷ்போர்டை வெளியே இழுத்து மேடையில் பூட்டினார்கள். அவள் ஸ்பிரிட் துணியால் மேற்பரப்பைத் துடைத்துவிட்டு விலகினாள். கருப்பாக, ஒரு கோடும் இல்லாமல், தெப்பக்குளத்துத் தண்ணீர் மாதிரி இருந்தது. அவன் எழுந்து பையை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே போனான். கைக்குட்டையைப் பிரித்தான்.

“சார்,” என்றாள் நஸ்ரின். “இது வேணாம் சார். பாவம்.”

“எது பாவம்?”

அவள் குளிர்ப்பெட்டிக் கதவைச் சாத்தினாள். பிறகு, “இது ரிப்போர்ட்டுல ஏறினா அச்சு ஆர்டர் நின்னுடும். கிருபாகரன் சார் என்னைத்தான் முதல்ல கேப்பாரு,” என்றாள்.

“நான் சொன்னேன்னு சொல்லுங்க. டம்மியைக் கொண்டுவந்து உட்கார வைங்க, ஐந்தடி உயரம் உள்ளதை. ரெண்டு காமெராவும் முகத்துல இருக்கட்டும்.”

“முகத்துலயா?”

“இடது பக்கம்.”

நஸ்ரின் அவனைப் பார்த்தாள். அவளுக்கு அக்காவைத் தெரியும், ஒரு தடவை இங்கே முறுக்கு டப்பாவோடு வந்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டுப் போனவள், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. டம்மியை, அந்த மனுஷ அளவு பொம்மையை, தள்ளிக்கொண்டுவரப் போனாள். மூடியிலிருந்து குளிர் அவன் மணிக்கட்டில் ஏறியது. அதிகம் யோசிக்க நேரமில்லை, சூடேறிவிடும்.

பிள்ளையாரை இரண்டு இதழும் சேரும் இடத்தில், முன்சீட்டைப் பார்த்த மாதிரி ஒட்டினான். திரும்பி வந்த நஸ்ரினிடம் அதையும் சோதனை எண்ணோடு பதிவு செய்யச் சொன்னான். வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்து, வெள்ளிக்கிழமை கார் எடுக்க வேண்டாம் என்றும், ஏன் என்பதைச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொல்வதாகவும் சொன்னான்.